பிளாக்சாட் முனையிலிருந்து போன வானிலைச் செய்தி

போர்ட்ஸ்மவுத் நகரத்துக்கு வடக்கே நீளமாகக் கிடக்கும் போர்ட்ஸ்டவுன் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினால் சவுத்விக். சின்னஞ்சிறு ஊர். பழைய செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடைகள். ஊரை ஒட்டிய தோப்புக்குள் வெள்ளைத் தூண்களோடு ஒரு மாளிகை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் எந்த நாளில் இறங்குவது என்பதை 1944 ஜூன் முதல் வாரத்தில் இந்த மாளிகையின் நூலக அறையில்தான் முடிவு செய்தார்கள். முடிவு ஜெனரல் ஐசனோவருடையது. அதற்கு அவர் ஒரு வானிலைக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்தின் டால்கீத் ஊரில் 1900-இல் பிறந்த ஜேம்ஸ் ஸ்டாக் அவர். விமானப்படையில் குரூப் கேப்டன் பதவி கொடுத்து அந்த அறைக்குள் உட்காரவைத்திருந்தார்கள்.

இந்தப் பயணத் திட்டம் என் சித்தப்பாவினுடையது. இந்திய விமானப்படையின் வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூலூரில் இருந்த காலத்தில் விடியலுக்கு முன்பே எழுந்து, காற்றழுத்தம், வெப்பம், மேகத்தின் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, விமானிகள் வந்து உட்காரும்போது தயாராக நிற்பவர். ஸ்டாக் இருந்த அறையையும், ஸ்டாக்குக்குச் செய்தி அனுப்பிய அயர்லாந்துக் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

மாளிகை இன்றும் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் போக முடியும். உள்ளே சுவரை அடைத்து நிற்கிறது அந்த வரைபடம், ஒட்டுப்பலகையில் செய்தது. சேட் வேலி என்ற பொம்மைக் கம்பெனியிடம் நார்வே தொடங்கி ஸ்பெயின் வரை மொத்தக் கடற்கரைக்கும் வரைபடம் கேட்டார்களாம், எந்த இடத்தில் இறங்கப்போகிறார்கள் என்று கம்பெனிக்குக்கூடத் தெரியக்கூடாது என்பதற்காக. வந்ததில் நார்மண்டிப் பகுதியை மட்டும் சுவரில் மாட்டினார்கள். மாட்ட வந்த தொழிலாளர்களைப் படையெடுப்பு முடியும்வரை வெளியே விடவில்லை என்று இங்கே சொல்கிறார்கள். சித்தப்பா வரைபடத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். அவர் கண் நார்மண்டியின் மேல் இல்லை. இடதுபக்கம், பலகை முடிந்துபோகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கத்துக்கு இங்கே மேப்பே இல்ல பாரு கண்ணு" என்றார்.

ஸ்டாக்கின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வடக்கு ஐரோப்பாவின் வானிலை மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலின் நடுவே அளவெடுக்கச் சில கப்பல்களும் விமானங்களும் மட்டுமே இருந்தன. செயற்கைக்கோள் கிடையாது, கணினி கிடையாது. படைத்தலைவர்கள் கேட்டதோ மிகக் கறாரான நாள். பாராசூட் வீரர்களுக்கு நிலவொளி வேண்டும். கரையில் ஜெர்மானியர் நட்டிருந்த இரும்புத் தடைகள் கண்ணில் படும்படி விடிந்த கையோடு கடல் வற்றியிருக்க வேண்டும். மேகம் உயரத்தில் இருக்க வேண்டும், காற்று மிதமாக இருக்க வேண்டும். ஜூன் 6 பௌர்ணமி. 5, 6, அதிகம் போனால் 7. அதைத் தவறவிட்டால் அடுத்த வற்றத்துக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கு மூன்று குழுக்களை வைத்திருந்தார்கள். டன்ஸ்டபிளில் பிரிட்டிஷ் வானிலை அலுவலகம். அங்கே சி.கே.எம். டக்ளஸ் என்ற பழுத்த அனுபவசாலியும், நார்வேக்காரரான ஸ்வெர் பெட்டர்சனும். லண்டனை அடுத்த புஷ்ஷி பூங்காவில் அமெரிக்கர்கள், அவர்களில் முக்கியமானவர் இர்விங் க்ரிக். மூன்றாவது, பிரிட்டிஷ் கடற்படையின் ஆட்கள். நாள்தோறும் தொலைபேசியில் மூன்று தரப்பும் பேசும், பேசும்போதெல்லாம் மோதும். கடந்த பல ஆண்டுகளின் வரைபடங்களைப் புரட்டி இன்றைய வானத்தைப்போல இருந்த பழைய நாளைக் கண்டுபிடி, அன்று நடந்ததே இப்போதும் நடக்கும் என்பது க்ரிக்கின் முறை. மேல்வானக் காற்றின் போக்கை வைத்துக் கணக்குப் போடுவது பெட்டர்சனின் முறை. ஜூன் 5 தாராளமாகப் போகலாம் என்றது அமெரிக்கக் குழு. போகவே கூடாது என்றது டன்ஸ்டபிள்.

இது வெறும் அறிவியல் வழக்காக இருந்திருந்தால் ஸ்டாக்குக்கு இவ்வளவு பாரம் இல்லை. இரண்டு வல்லரசுகள் கூட்டாக நடத்தும் போர், தலைமைத் தளபதி அமெரிக்கர், வானிலை ஆலோசகர் பிரிட்டிஷ்காரர். ஒரு குழுவின் கணிப்பை ஏற்றால் மறுகுழுவின் நாட்டை அவமதித்ததாகப் பேச்சு வரும். ஸ்டாக்கின் துணைவராக அமெரிக்கரான கர்னல் டொனால்ட் யேட்ஸை அமர்த்தியதிலும் இந்தச் சமன்பாடு தெரிகிறது. ஸ்டாக்கே அன்றாட முன்னறிவிப்பில் கைதேர்ந்தவர் என்று சொல்ல முடியாது. புவிக்காந்தமும் துருவ ஆய்வும் அவர் துறை, 1932-33-இல் கனடாவின் வடபகுதியில் ஃபோர்ட் ரே ஆய்வுக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஆனால் ஒரு கருத்தில் அவர் அசையவில்லை. ஒன்றிரண்டு நாளுக்கு அப்பால் இந்தக் கடலின் வானிலையை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அது. ஐந்து நாள், ஆறு நாள் முன்னறிவிப்பு கொடு என்று மேலிடம் நச்சரித்தபோதும், கொடுத்துவிட்டு எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். கணிப்புத் தவறினால் உன்னை விளக்குக்கம்பத்தில் தொங்கவிடுவோம் என்று பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை ஸ்டாக் தம் நூலில் எழுதியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தையைப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் நினைவில் வைத்து எழுதுகிறார் என்றால் அது எங்கே போய்த் தைத்திருக்கும்?

ஜூன் 3 இரவு ஒன்பதரை மணிக்குக் கூட்டம். புயல் வரிசையாக வருகிறது, 5-ஆம் தேதி ஆகாது என்றார் ஸ்டாக். மறுபடி விடியற்காலை நாலேகாலுக்குக் கூடியபோதும் அதையே சொன்னார். அப்போது சவுத்விக்கில் வானம் வெளுத்து, காற்றே இல்லாமல் கிடந்தது. அந்த அமைதியான வானத்தின் கீழே நின்றுகொண்டு, கடலில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட கப்பல்களைத் திருப்பச் சொல்லும்படி ஒரு மனிதர் பேசினார். ஐசனோவர் கேட்டார், 24 மணி நேரம் தள்ளிவைத்தார். 4-ஆம் தேதி இரவு நிலைமை தலைகீழ். மழையும் காற்றும் ஜன்னலில் மோதிக்கொண்டிருக்க, 6-ஆம் தேதி காலையில் ஓர் இடைவெளி கிடைக்கும் என்றார் அதே ஸ்டாக். 5-ஆம் தேதி நாலேகால் மணிக் கூட்டத்தில் இறுதி முடிவு ஆனது.

அந்த அறையில் சித்தப்பா சத்தமில்லாமல் நின்றார். வெளியே வந்தபிறகு கேட்டேன்: "உங்க சர்வீஸ்ல இப்படி யார்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா சித்தப்பா?"

"தினமும் சொல்லணும். அதுக்குத்தானே சம்பளம். ஸ்குவாட்ரன்ல எல்லாரும் பறக்கத் தயாரா நிப்பாங்க, மேலே வெயில் அடிக்கும், நாம மட்டும் இன்னும் ரெண்டு மணி நேரத்துல இடி வரும்னு சொல்லணும். வரலேன்னா மூஞ்சியப் பாக்க முடியாது. வந்துச்சுன்னா யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. இருந்தாலும் ஆபீசர் முகத்தப் பாத்து மேகத்த எழுதக்கூடாது கண்ணு."

அரசியலைப் பற்றி அவர் வாயைத் திறப்பது அபூர்வம். சீருடை போட்டிருந்த காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. ஆனால் டப்ளினிலிருந்து மேற்கே போகும் ரயிலில் அவராகவே ஆரம்பித்தார். "ஸ்டாக்குக்கு மேப்பு கொடுத்தது யாரு? பாதி அயர்லாந்து. அவங்க சண்டையிலயே இல்லாத தேசம். இதுக்கு என்ன பேர் வைப்ப?"

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ஏறி, மனுல்லா சந்திப்பில் மாறி, பலினாவில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பெல்மல்லட். வழிநெடுக ஆளரவமற்ற கரிச்சதுப்பு, அறுத்துக் காயவைத்த கரிப்பாளங்கள் சின்னச் சின்னக் குவியல்களாக. பெல்மல்லட்டைத் தாண்டினால் முல்லெட் தீபகற்பம். சாலையின் இரு பக்கமும் கடல் மாறிமாறிக் கண்ணில் படுகிறது. மரமே இல்லை. காற்று வளரவிடுவதில்லை. தீபகற்பத்தின் தென்கோடியில் பிளாக்சாட். தெற்கே விரிகுடாவுக்கு அப்பால் அக்கில் தீவின் மலை. மேற்கே, இனிஷ்கி தீவுகளுக்கு அப்பால், அமெரிக்கா வரை நிலம் இல்லை. 1883, 1884-இல் பஞ்சத்தில் அடிபட்ட குடும்பங்களைக் கப்பலேற்றி பாஸ்டனுக்கும் கியூபெக்குக்கும் அனுப்பியது இந்தத் துறையிலிருந்துதான்.

கலங்கரை விளக்கம் நான் மனத்தில் வைத்திருந்த உயரமான வெள்ளைக் கோபுரம் இல்லை. சாம்பல்நிறக் கருங்கல்லில் சதுரமாக, இரண்டு மாடி வீடு மாதிரி இருக்கிறது. 1860-களில் பக்கத்துக் கற்சுரங்கத்துக் கல்லால் கட்டியது, கல்லின் விளிம்புகள் இன்னும் கூராக இருக்கின்றன. பக்கத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். 2017 மார்ச் 14 அதிகாலையில் எரிபொருள் நிரப்ப இங்கே வந்துகொண்டிருந்த கடலோரக் காவல் மீட்பு ஹெலிகாப்டர் பிளாக்ராக் தீவில் மோதி நாலு பேர் இறந்துபோனார்கள்.

1944-இல் இதை ஒட்டியே அஞ்சலகம் இயங்கியது. கெர்ரி மாவட்டத்து நாக்கனூரிலிருந்து மோரீன் ஃப்ளேவின் என்ற இளம்பெண் அஞ்சலக உதவியாளர் வேலைக்கு வந்தார். வானிலை அளவெடுப்பதும் வேலையில் சேர்த்தி என்பது வந்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மணிக்கொரு தரம் காற்றழுத்தம், காற்று, வெப்பம், மேகம் பார்த்து எழுதி, தொலைபேசியில் டப்ளினுக்குச் சொல்ல வேண்டும். ஜூன் 3 அவருடைய இருபத்தொன்றாவது பிறந்தநாள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு எடுத்த அளவில் பாரோமீட்டர் சரசரவென்று இறங்கியிருந்தது. அனுப்பினார். பிறகு இங்கிலாந்துக் குரலில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, சரிபார்த்துத் திரும்பச் சொல்லுங்கள் என்றார். கலங்கரைக் காவலர் டெட் ஸ்வீனியும் கூடப் பார்த்தார். அளவு சரிதான். திரும்பவும் அழைப்பு, திரும்பவும் சரிபார்ப்பு. எதற்காகக் கேட்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. 4-ஆம் தேதி நண்பகலில் இங்கே மழை விட்டு, பார்வைத் தெளிவு வந்துவிட்டதாகச் செய்தி போனது. இங்கே நேற்று நடந்தது ஆங்கிலக் கால்வாயில் நாளை நடக்கும். வானிலைக்காரர்களுக்கு அதுவே கணக்கு. ஜூன் 5 ஆகாது, ஜூன் 6 ஆகலாம் என்ற இரண்டு பேச்சுக்கும் பின்னால் இந்த முனையின் அளவுகள் இருந்தன. இது ஒன்றே போரை வென்று தந்ததாகச் சிலர் எழுதுவது மிகை. கடலில் இருந்த கப்பல்களின் அளவுகளும் சேர்ந்துதான் படம் முழுமையானது. ஆனால் ஐரோப்பியத் தரையில் அட்லாண்டிக் புயலை முதலில் சந்திக்கும் இடங்களில் இது ஒன்று. இந்த அளவு இல்லாமல் டன்ஸ்டபிள்காரர்கள் அத்தனை உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அயர்லாந்து அந்தப் போரில் நடுநிலை நாடு. பிரதமர் டி வலேரா அதில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. இதே மேயோ மாவட்டத்தின் வடகரையில் டவுன்பாட்ரிக் முனையில் வெள்ளைக் கற்களைப் பதித்து எய்ரே 64 என்று எழுதிவைத்திருப்பதைப் போய்ப் பார்த்தோம். கடற்கரை நெடுக எண்பதுக்கு மேற்பட்ட காவல் நிலையங்கள் அமைத்து, அவற்றின் பக்கத்தில் நாட்டின் பெயரை இப்படி எழுதிவைத்தார்கள். மேலே பறப்பவர்களுக்கு, இது போரில் இல்லாத மண் என்று சொல்ல. அதோடு ஒவ்வொரு நிலையத்துக்கும் எண்ணையும் எழுதினார்கள். அந்த எண் நேச நாட்டு விமானிகளுக்கு வழிகாட்டியாகப் பயன்பட்டது. ஒரே எழுத்து, நடுநிலையையும் சொல்கிறது, ஒரு தரப்புக்கு வழியையும் காட்டுகிறது. காற்று குளிர்ந்து வீசிய அந்தப் புல்வெளியில், முழங்காலுக்குக் கீழே பதிந்து கிடந்த கற்களைச் சுற்றி நடந்தபோது, ஓர் அரசு பேசுவதும் செய்வதும் எத்தனை தூரம் விலகியிருக்க முடியும் என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

வானிலைச் செய்தியும் அப்படியே. அயர்லாந்து தன் வானிலைச் சேவையை 1936-இல்தான் தொடங்கியது. அதுவரை பிரிட்டன் பார்த்துக்கொண்ட வேலை. போர் வந்தபிறகும் பிரிட்டனுக்கு அளவுகளைக் கொடுத்துவரும் ஏற்பாடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சர் கிரான்போர்ன் 1945 பிப்ரவரியில் தம் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்பில், அயர்லாந்து செய்த உதவிகளின் பட்டியலில் வானிலை அறிக்கைகளும் இருக்கின்றன. மூன்று மாதம் கழித்து, மே 13 அன்று, சர்ச்சில் வெற்றி உரையில் டி வலேராவை எல்லார் முன்பும் தாக்கினார். அந்தப் பட்டியல் சர்ச்சிலுடைய அரசின் கோப்பிலேயே இருந்தது. பதிலுக்கு டி வலேரா மே 16 அன்று நிதானமாகப் பேசி நாட்டின் மானத்தைக் காத்தார். ஆனால் அவரும் கொடுத்த உதவியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டி வலேரா பிரிட்டனுக்கு வானிலைச் செய்தி கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை. நாஜிகள் தோற்க வேண்டியவர்கள், அதற்கு உதவிய எந்த அளவீடும் நல்ல அளவீடே. என் மனத்தை உறுத்துவது வேறு. போர்க்காலத் தணிக்கையின்படி அயர்லாந்துச் செய்தித்தாள்களில் வானிலை அறிக்கை வரக் கூடாது. பிளாக்சாட்டில் மோரீன் எடுத்த அளவு டன்ஸ்டபிளுக்குப் போனது, சவுத்விக்குக்குப் போனது. பிளாக்சாட்டில் படகு கட்டியிருந்த மீனவருக்கு அவருடைய செய்தித்தாளில் கிடைக்கவில்லை. இனிஷ்கி தீவுகளில் 1927-இல் திடீர்ப் புயலில் பத்து இளைஞர்கள் செத்தபிறகு தீவு மக்களே ஊரைக் காலிசெய்து இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே இருந்த நிலையம் வானத்தைப் பார்த்து எழுதியதைப் பத்திரிகையில் படிக்க அவர்களுக்கு உரிமை இல்லாமல் போனது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "படைக்குப் போற செய்தி மூடித்தான் போகும். ஆனா புயல் எச்சரிக்கைய மீன்காரன்கிட்டருந்து மறைச்சா அது பாதுகாப்பு இல்ல" என்றார். ராணுவத்தில் வானம் பார்த்த ஒருவர் இதைச் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எதிர்த்தரப்பிலும் வானிலைப் பசி அளவில்லாதது. 1943 அக்டோபரில் ஜெர்மானியர் நீர்மூழ்கியில் போய்க் கனடாவின் லாப்ரடார் கரையில் ஒரு தானியங்கி வானிலை நிலையத்தையே ஒளித்து வைத்தார்கள். 1981 வரை அது என்னவென்று யாரும் அறியவில்லை. இப்போது ஒட்டாவா போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கின் அளவுகள் அவர்களுக்குப் போதுமானபடி கிடைக்காததால் ஜூன் 6-இன் இடைவெளியை நம்பத்தகுந்தபடி அவர்கள் பார்க்கவில்லை. இந்தக் காற்றில் யாரும் வர மாட்டார்கள் என்று ஜெர்மன் தளபதி ரோமெல் மனைவியின் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார்.

ஸ்டாக்கின் கணிப்பு அழகாக நிறைவேறிவிடவும் இல்லை. கடல் கொந்தளிப்பு எதிர்பார்த்ததைவிடக் கடுமை. ஒமாஹா கரைக்கு எதிரே தண்ணீரில் இறக்கிவிட்ட 29 மிதவை டாங்கிகளில் 27 மூழ்கின. மேகம் மறைத்ததால் குண்டுவீச்சு விமானங்கள் கரையைத் தாண்டி உள்ளே போட்டன. ஆயினும் அடுத்த வற்றத்துக்குத் தள்ளியிருந்தால்? ஜூன் 19 முதல் 22 வரை அடித்த பெரும்புயல் ஒமாஹாவின் செயற்கைத் துறைமுகத்தையே நொறுக்கிப் போட்டது. ஸ்டாக் அதைச் சுட்டிக்காட்டி அனுப்பிய குறிப்பின் மேல், அன்றே போனது நல்லதாயிற்று என்று ஐசனோவர் தம் கையால் நன்றி எழுதினார்.

ஐசனோவரைப் பற்றி நான் மதிக்கும் விஷயம் அவர் முடிவெடுத்தது இல்லை, அதற்கு முந்தைய இரண்டு மாதம். ஏப்ரலிலிருந்தே வாரந்தோறும் திங்கட்கிழமை ஸ்டாக்கைக் கூப்பிட்டு முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்லி, பிறகு நடந்ததோடு ஒத்துப் பார்த்தார். இந்த மனிதரை எதுவரை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று அளந்துகொண்டார். தமக்குப் பிடிக்காத விடையை ஜூன் 4 விடியலில் ஏற்றுக்கொள்ள அதனால்தான் முடிந்தது. 75 ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், அதே நாட்டின் அதிபர் ஒருவர் டோரியன் புயலின் வரைபடத்தில் பேனாவால் கோடு நீட்டிய படத்தைக் காட்டி, அலபாமாவுக்கும் ஆபத்து என்றார். அலபாமாவின் பர்மிங்காம் வானிலை அலுவலகம் அதை முன்பே மறுத்திருந்தது. பிறகு அந்த அலுவலகத்தின் மேலிடம், பெயரில்லாத ஓர் அறிக்கையில், அந்த அலுவலகத்தையே குறைகூறியது. 2020-இல் நடந்த விசாரணை, அறிவியல் நேர்மை விதியை மேலிடம் மீறியதாகச் சொன்னது. ஸ்டாக்குக்கு ராணுவச் சீருடையில் கிடைத்த பேச்சுரிமை, குடிமக்களின் வானிலை அலுவலகத்துக்கு அந்த வாரம் கிடைக்கவில்லை.

பிளாக்சாட்டின் வானிலை நிலையம் 1956-இல் பெல்மல்லட்டுக்கு மாற்றப்பட்டது. தாம் எடுத்த அளவு எதற்குப் பயன்பட்டது என்று மோரீனுக்குத் தெரியவந்ததும் அப்போதுதான். அதற்குள் அவர் டெட் ஸ்வீனியை மணந்து பத்தாண்டு ஆகியிருந்தது. 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவை அவரைக் கௌரவித்தது. 2023 டிசம்பர் 17 அன்று, நூறு வயதில் காலமானார்.

பெல்மல்லட் நிலையம் இன்றும் இயங்குகிறது. அதன் காற்றழுத்தம், காற்று, மழை எல்லாவற்றையும் அயர்லாந்து வானிலைச் சேவையின் தளத்தில் மணிக்கு மணி யாரும் பார்க்கலாம், காசு இல்லை, அனுமதி வேண்டாம். மேயோ பக்கம் போகிறவர்கள் பிளாக்சாட்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கரையில் காற்று எந்த நேரமும் திரும்பும்.